நிலாவெளிக் கடலில் பார்த்த ஓடில்லா நத்தைக்கு எது சரியான பெயர்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில், புறாத்தீவுப் பக்கம் முக்குளித்தபோது, கேள்வி கேட்ட நண்பர் இரண்டு படங்கள் எடுத்திருக்கிறார். முதல் படத்தில் கட்டைவிரலைவிடச் சற்று நீளமான, வெள்ளை உடம்பில் கறுப்பு வட்டங்கள் பதிந்த ஓர் உயிரி. இரண்டாவதில் சுண்டுவிரல் நுனியளவு ஒன்று, ஓரம் முழுக்க நிறக்கோடு. முதலாவதை ஒருவர் ‘கடலட்டை’ என்றாராம், இன்னொருவர் ‘கென்ட்ரோடோரிஸ்’ என்றாராம், மூன்றாமவர் ‘ஜொருன்னா’ என்றாராம். இரண்டாவதைப் பழைய வழிகாட்டி நூல் ‘குரோமோடோரிஸ்’ என்கிறது, கைப்பேசிச் செயலி ‘கோனியோபிராங்கஸ்’ என்கிறது. எது சரி, ஏன் இப்படிப் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், புது இனமாக இருந்தால் நான் அதற்கு என் மகள் பெயரை வைக்கலாமா என்று மூன்று கேள்விகள்.

‘கடலட்டை’யை முதலில் ஒதுக்கிவிடுவோம். மன்னாரிலிருந்து பாம்பன் வரை யாரைக் கேட்டாலும் கடலட்டைக்கு ஒரே பொருள்தான்: மணலில் கிடப்பது, அவித்துக் காயவைத்து ஏற்றுமதி செய்வது. அது நட்சத்திரமீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது. உங்கள் படத்தில் இருப்பது மெல்லுடலி. சங்கு, சிப்பி, கணவாய்க் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் ‘சீ ஸ்லக்’ என்று இருப்பதை ‘ஸ்லக் என்றால் அட்டை’ என்று அகராதி பார்த்துக் கடலட்டை ஆக்கிவிடுகிறார்கள். சட்டம் காக்கும் ஓர் உயிரியின் பெயரை இன்னொன்றின் மேல் ஒட்டுவது சின்னத் தவறு அல்ல. நான் ‘ஓடில்லாக் கடல் நத்தை’ என்றே எழுதுவது வழக்கம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொய் இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு உண்மையிலேயே குட்டி ஓடு இருக்கும். தரையில் இறங்கி உருமாறும்போது அதைக் கழற்றிப் போட்டுவிடும்.

இனி நேரடியான பதில். முதல் படத்தில் இருப்பது ஜொருன்னா ஃபியூனெப்ரிஸ். கென்ட்ரோடோரிஸ் என்றவரும் தவறாகச் சொல்லவில்லை, அவர் பழைய பெயரைச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கோனியோபிராங்கஸ் என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டத்தை, சேர்ந்தது. அது எந்த இனம் என்று அந்தப் படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் நத்தையிலிருந்தே தொடங்கலாம், அது உங்கள் கடலிலேயே பெயர் பெற்றது. எட்வர்ட் ஃபிரெடெரிக் கெலார்ட் 1819இல் இலங்கையில் பிறந்த பறங்கியர், படை மருத்துவர். 1850களில் திருகோணமலையில் இருந்தபோது ஓடில்லாக் கடல் நத்தைகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். உயிரோடு இருக்கும்போதே வண்ணத்தில் வரைந்தும் வைத்தார். 1858, 1859 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் பல புதிய இனங்களை விவரித்தார். வெள்ளையில் கறுப்பு வட்டம் போட்ட இந்த நத்தைக்கு அவர் வைத்த பெயர் ‘டோரிஸ் ஃபியூனெப்ரிஸ்’. ஃபியூனெப்ரிஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு ‘சாவுச் சடங்குக்கு உரியது’ என்று பொருள். கறுப்பைப் பார்த்துத் துக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். நம் ஊர்க்காரர் பெயர் வைத்திருந்தால் வெள்ளையைப் பார்த்தே அப்படி நினைத்திருப்பார்.

டோரிஸ் என்பது, உயிரினங்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758இல் வைத்த பேரினப் பெயர். கிரேக்கக் கதைகளில் வரும் கடல் தேவதையின் பெயர் அது. கெலார்ட் காலத்தில் முதுகின் பின்பக்கம் பூப்போல விரியும் செவுள் இருந்தால் போதும், அநேகமாக டோரிஸ்தான். ஒரே பெரிய கூட்டுக்குடும்பம். அப்புறம் கோபன்ஹேகனில் ருடால்ஃப் பெர்க் என்ற மருத்துவர் வந்தார். பாலியல் நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பது தொழில், கடல் நத்தைகளை அறுத்துப் பார்ப்பது வாழ்நாள் ஆர்வம். 1876இல் அவர் ஜொருன்னா, கென்ட்ரோடோரிஸ் என்ற இரண்டு பேரினங்களையும் உருவாக்கினார். கென்ட்ரோன் என்றால் கிரேக்கத்தில் முள், தார்க்குச்சி முனை. இனச்சேர்க்கை உறுப்போடு சேர்ந்து ஒரு கூர்முள் இருப்பதால் வந்த பெயர். நம் நத்தை நெடுங்காலம் அந்த வீட்டில்தான் இருந்தது. பின்னால் வந்தவர்கள் இரண்டு பேரினங்களையும் உள்ளுறுப்பு வரை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த முள் ஜொருன்னாவிலும் இருந்தது, முதுகுத்தோலும் ஒரே மாதிரி இருந்தது. தனித்தனியாக வைக்கக் காரணம் இல்லை என்று சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் கென்ட்ரோடோரிஸ் என்று ஒருவரும் ஜொருன்னா என்று ஒருவரும் சொல்கிறார்கள்.

அந்த முதுகுத்தோலை ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். வெறும் கண்ணுக்குக் கம்பளித் துணிபோல, லேசாக ரோமம் படிந்ததுபோலத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கினால் ஒவ்வொரு ரோமமும் ஒரு சின்னக் கோபுரம். நடுவில் ஒரு குமிழ், அதைச் சுற்றி வேலி அடித்ததுபோல ஊசி ஊசியாகச் சுண்ணாம்பு முட்கள். இதற்குக் கேரியோஃபில்லிடியா என்று பெயர். கறுப்பு வட்டங்கள் தெரிகின்றனவே, அங்கே தோலில் மை ஊற்றியதுபோல இருக்காது. கறுப்பு நிறக் கோபுரங்கள் கூட்டமாக நிற்பதுதான் தூரத்திலிருந்து வட்டமாகத் தெரிகிறது. தலையில் இருக்கும் இரண்டு கொம்புகள், அதாவது நீரில் மணம் பிடிக்கும் உறுப்புகள், கறுப்பாக இருக்கும். இவ்வளவும் உங்கள் படத்தில் தெளிவாகத் தெரிவதால்தான் தயங்காமல் பெயர் சொல்ல முடிந்தது. சில வருடங்களுக்கு முன் ‘கடல் முயல்குட்டி’ என்று எல்லோரும் பகிர்ந்தார்களே, ஜப்பானின் அந்தக் குட்டி உயிரி இதே ஜொருன்னாவின் உறவுதான்: ஜொருன்னா பார்வா. முயல் காதுபோலத் தெரிவது அந்த மணக்கொம்பு, ரோமம்போலத் தெரிவது இதே கோபுரங்கள். ஆனால் ‘கடல் முயல்’ என்றால் அப்லீசியா என்ற வேறு கூட்டம். முயலும் முயல்குட்டியும் இங்கே சொந்தம் இல்லை. பொதுப்பெயரை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

பெயரை முழுதாக எழுதும் முறையையும் கவனியுங்கள்: ஜொருன்னா ஃபியூனெப்ரிஸ் (கெலார்ட், 1859). இந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. கெலார்ட் இந்த இனத்தை விவரித்தபோது வேறு பேரினத்தில் வைத்தார், பின்னால் இடம் மாறியது என்பதற்கான அடையாளம் அது. இடம் மாறாமல் இருந்தால் அடைப்புக்குறி இல்லாமல் எழுத வேண்டும். அதாவது முதல் சொல் மாறலாம். இரண்டாவது சொல்லும் ஆண்டும் அதை விவரித்தவர் பெயரும் கூடவே வரும். பழைய நூல் ஒன்றில் வேறு பேரினத்தின் கீழ் ‘ஃபியூனெப்ரிஸ், கெலார்ட்’ என்று பார்த்தால் அது இதே நத்தை என்று கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது சொல்லும் கொஞ்சம் உருமாறும். கெலார்ட் 1858இல் விவரித்த இன்னொன்று ‘டோரிஸ் பிரெசியோசா’, விலைமதிப்புள்ளது என்று பொருள். பிறகு அது குரோமோடோரிஸ் பிரெசியோசா ஆனது. இன்று கோனியோபிராங்கஸ் பிரெசியோசஸ். டோரிஸ், குரோமோடோரிஸ் இரண்டும் லத்தீனில் பெண்பால், கோனியோபிராங்கஸ் ஆண்பால். பேரினத்தின் பாலுக்கு ஏற்றபடி அடைமொழியின் ஈறு மாறியே ஆக வேண்டும், விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதி அப்படி. அதே ஆண்டில் அவர் விவரித்த ‘கிளெனியை’ என்ற இனம் இடம் மாறியும் ஈறு மாறவில்லை, ஏனென்றால் அது ஒரு மனிதரின் பெயர், ‘கிளெனியுடைய’ என்று வேற்றுமை உருபோடு நிற்கிறது. ஃபியூனெப்ரிஸ் ஆண்பாலிலும் பெண்பாலிலும் ஒரே வடிவம். வேற்றுமை உருபு படித்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை.

சரி, குரோமோடோரிஸ் ஏன் கோனியோபிராங்கஸ் ஆனது? உங்கள் இரண்டாவது படத்துக்கு வருகிறேன்.

குரோமோடோரிஸ் என்ற பேரினத்தை 1855இல் உருவாக்கியவர்கள் இங்கிலாந்தின் நியூகாஸிலைச் சேர்ந்த ஜோஷுவா ஆல்டர், ஆல்பனி ஹான்காக் இருவரும். குரோமா என்றால் நிறம். பளிச்சென்ற நிறத்தில் எது கிடைத்தாலும் அதில் போட்டுக்கொண்டே வந்தார்கள். நூற்றைம்பது ஆண்டில் அது நிரம்பி வழிந்தது. 2012இல் ரெபெக்கா ஜான்சனும் டெரன்ஸ் காஸ்லினரும் இந்தக் குடும்பத்தின் நிறைய இனங்களின் மரபணுவை ஒப்பிட்டு உறவு மரம் வரைந்தார்கள். குரோமோடோரிஸ் என்று நாம் அழைத்தவை ஒரே கிளையில் இல்லை என்று அதில் தெரிந்தது. ஒரே பெயரில் இருந்த இரண்டு இனங்களுக்குள் இருந்த உறவைவிட, வேறு பெயரில் இருந்த ஒன்றோடு நெருக்கம் அதிகமாக இருந்தது. பேரினம் என்றால் ஒரே மூதாதையின் வாரிசுகள் மட்டும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பாகம் பிரிக்காமல் தீராது.

பாகம் பிரிக்கும்போது பழைய பெயர் யாருக்குப் போகும்? விருப்பப்படி கொடுக்க முடியாது. ஒவ்வொரு பேரினத்துக்கும் ஒரு மூல இனம் உண்டு. அது எந்தப் பக்கம் போகிறதோ பெயரும் அந்தப் பக்கம் போகும். குரோமோடோரிஸுக்கு அது குரோமோடோரிஸ் மக்னிஃபிகா, நீலமும் கறுப்புக் கோடும் ஆரஞ்சு ஓரமும் கொண்டது. அதனால் அதைப் போன்ற நீல, கறுப்புக் கோட்டுக் கூட்டம் குரோமோடோரிஸாகவே இருந்துவிட்டது. இந்தோ பசிஃபிக் கடலின் மற்ற இனங்களில் பலவற்றுக்குப் பெயர் தேவைப்பட்டது. புதுப்பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை. வில்லியம் ஹார்ப்பர் பீஸ் 1866இலேயே கோனியோபிராங்கஸ் என்று ஒன்றை வைத்திருந்தார். குரோமோடோரிஸுக்குள் கரைந்து நூறு ஆண்டுக்கு மேல் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த அந்தப் பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். தகுதியான பழைய பெயர் இருக்கும்போது புதிது வைக்கக் கூடாது. அட்லாண்டிக்கிலும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் இருந்தவை ஃபெலிமிடா என்று தனியே போயின. உங்கள் வழிகாட்டி நூல் 2012க்கு முந்தையது, செயலி பிந்தையது. இரண்டுமே அந்தந்தக் காலத்தின் அறிவை ஒழுங்காகத்தான் சொல்கின்றன.

இப்படிப் பெயர் மாறும்போது சலித்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கும் மனப்பாடம் செய்த பட்டியல்கள் வீணாகியிருக்கின்றன. ஆனாலும் நான் மாற்றத்தின் பக்கம்தான். பேரினப் பெயர் என்பது ‘இவை உடன்பிறப்புகள்’ என்று ஒருவர் சொல்லும் கருத்து. சான்று மாறினால் கருத்து மாற வேண்டும். மாறாத பெயர் வேண்டுமென்றால் உறவைப் பற்றிப் பேசாத பெயராக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனம் பிரிப்பதில் இருக்கும் சிக்கல் இதைவிடப் பெரியது, காரணம் நிறம். நிறத்தை வைத்துத்தான் நாம் எல்லோரும் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், தேடுகிறோம். ஆனால் இந்த நத்தைகள் நிறத்தை நமக்காக வைத்திருக்கவில்லை, மீன்களுக்காக வைத்திருக்கின்றன. குரோமோடோரிஸ் இனங்கள் கடற்பஞ்சைத் தின்று அதிலிருக்கும் லாட்ரன்குலின் ஏ என்ற நஞ்சைத் தோலோரத்தில் சேமித்துக்கொள்கின்றன. ‘என்னைத் தின்னாதே’ என்ற அறிவிப்புப் பலகைதான் நிறம். ஒரே கடலில் இருக்கும் பல இனங்கள் ஒரே அறிவிப்பைப் போட்டால் மீனுக்குச் சீக்கிரம் பாடம் ஏறும், எல்லாருக்கும் லாபம். அதனால் உறவில் தள்ளியிருப்பவை ஒரே சாயலுக்கு வந்துவிடுகின்றன. ஒரே இனமே ஓரிடத்தில் ஒரு கோலத்திலும் இன்னோரிடத்தில் வேறு கோலத்திலும் இருக்கிறது. 2018இல் கேரா லேட்டனும் சகாக்களும் குரோமோடோரிஸ் மொத்தத்தையும் மரபணு வைத்துச் சோதித்துச் சொன்னதும் இதைத்தான்: நிறக்கோலம் வளைந்து கொடுக்கிறது, அதை மட்டும் நம்பிப் பெயர் சொன்னால் தப்பாகிவிடும்.

இதே 2018இல் ஹிப்செலோடோரிஸ் என்ற பேரினத்தில் 17 புதிய இனங்களை ஒரே ஆய்வில் விவரித்தார்கள். அதில் ஒன்று ஹிப்செலோடோரிஸ் இபா. அதில் ஊதா நிறத்தது ஒன்றும் வெண்மஞ்சள் நிறத்தது ஒன்றும் இனச்சேர்க்கையில் இணைந்திருக்கும் படம் கிடைத்தது. நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு இனம் என்று எழுதியிருப்பார்கள். பிலிப்பைன்ஸின் டகாலோக் மொழியில் ‘இபா’ என்றால் ‘வேறு’. எனக்குப் பிடித்த பெயர்களில் ஒன்று இது.

நிறம் கைவிட்டால் வேறு எதைப் பார்ப்பது? உள்ளே பார்க்க வேண்டும். இந்த நத்தைகளை எரிசாராயத்தில் போட்டால் நிறம் போய்விடும்; அருங்காட்சியகக் குப்பிகளில் இருப்பவை எல்லாம் வெளிறிய சுண்டல் கடலைபோல ஒரே மாதிரி இருக்கும். பெர்க் பார்த்ததில் பெரும்பகுதி இப்படி நிறம் இழந்தவைதான், இருந்தும் அவர் பிரித்த பல இனங்கள் இன்றும் நிற்கின்றன. அவர் நம்பியது ராடுலாவையும் இனப்பெருக்க உறுப்பையும். ராடுலா என்பது அரம்போன்ற நாக்கு. நான் முதன்முதலில் ஒன்றை எடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மிளகளவு வாய்த்தசையை வெட்டிக் காரக் கரைசலில் போட்டு இரவு முழுக்க விட்டால் சதை கரைந்துவிடும். காலையில் அடியில் வெங்காயத்தோல்போல மெல்லிய ஒரு நாடா கிடக்கும். ஊசிமுனையால் தள்ளிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், வரிசை வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒழுங்கில், நெய்தது மாதிரி. நடுப்பல் இருக்கிறதா, இல்லையா. கொக்கியின் பக்கத்தில் சிறு பற்கள் உண்டா. ஒரு வரிசைக்கு எத்தனை. மொத்தம் எத்தனை வரிசை. கடற்பஞ்சில் எதைத் தின்கிறது என்பதுகூட இந்தக் கொக்கியின் வளைவில் கொஞ்சம் தெரியும். இனப்பெருக்க உறுப்பு இன்னும் சிக்கல். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் சேர்ந்தது, இரண்டுக்கும் வேண்டிய குழாய்களும் பைகளும் ஒரே முடிச்சில் சுருண்டிருக்கும். அதைப் பிரித்து வரைவதற்குள் கண் எரிந்துவிடும்.

இப்போது இதோடு மரபணுவும் சேர்ந்துவிட்டது. பாதத்திலிருந்து அரிசிமணி அளவு துணுக்குப் போதும். ஃபார்மலினில் போட்டிருந்தால் மரபணு சிதைந்துவிடும், எரிசாராயத்தில் இருந்தால் கிடைக்கும். வந்த முடிவுகள் பழக்கப்பட்ட பெயர்களைக்கூட ஆட்டிவிட்டன. பசிஃபிக் கரையின் ஹெர்மிஸெண்டா கிராஸிகார்னிஸ் நரம்பியல் கூடங்களில் பல பத்தாண்டுகள் சோதனைக்குப் பயன்பட்ட நத்தை. 2016இல் அது மூன்று இனம் என்று காட்டினார்கள்: கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் கிடைப்பது ஒபாலெஸ்கென்ஸ், ஜப்பான் பக்கத்தது எமுராய், கிராஸிகார்னிஸ் வடக்கே. அப்படியானால் பழைய ஆய்வுகளில் ‘கிராஸிகார்னிஸ்’ என்று எழுதியிருப்பது எந்த நத்தை? எங்கே பிடித்தது என்ற ஒரு வரிக் குறிப்பு இருந்தால்தான் விடை உண்டு.

மரபணு பார்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நம் ஜொருன்னாவின் ஐரோப்பிய உறவு ஜொருன்னா டோமென்டோசா, குவியே 1804இல் விவரித்தது. 2021இல் நார்வே ஆய்வாளர்கள் அதை அலசியபோது அதற்குள் ஒளிந்திருந்த ஒன்று தெளிவாகத் தனி இனம் என்று தெரிந்தது. ஜொருன்னா ஆர்ட்ஸ்டாட்டாபாங்கியா என்று பெயர் வைத்தார்கள், நார்வேயின் உயிரினத் தகவல் மையத்தின் பெயர் அது. ஆனால் டோமென்டோசாவிலேயே இன்னொரு பிளவும் தெரிந்தது. அது இரண்டு இனமாகப் பிரிந்துகொண்டிருக்கும் நடுவழியில் இருக்கலாம் என்று எழுதினார்கள், பெயர் வைக்கவில்லை. இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பிரிவு பாதியில் இருக்கும்போது கோடு போடச் சொன்னால் எங்கே போடுவது?

பெரிய பிரிவுகள் பற்றி ஓரிரு செய்தி மட்டும். 1848இல் மில்ன் எட்வர்ட்ஸ் வைத்த ‘ஒபிஸ்தோபிராங்கியா’, அதாவது பின்செவுளிகள், என்ற பிரிவில்தான் ஓடில்லாக் கடல் நத்தைகள் ஏறக்குறைய எல்லாம் இருந்தன. 2010இல் வந்த உறவு மரம் அதைக் கலைத்துவிட்டது. பாசிச்சாற்றை உறிஞ்சும் பச்சை நத்தைகள், எலீசியா போன்றவை, உங்கள் படத்தில் இருக்கும் செவுள்நத்தைகளைவிட உங்கள் தோட்டத்தில் மழைக்கு வரும் நத்தைக்கு நெருங்கிய சொந்தம் என்று வந்தது. ஓட்டை விட்டுவிடுவது ஒருமுறை நடந்ததல்ல, பல கிளைகளில் தனித்தனியாக நடந்தது. இதே பாசி உறிஞ்சும் கூட்டத்தில்தான் பெர்தெலீனியா இருக்கிறது. 1875இல் பிரான்ஸில் கிடைத்த புதைபடிவ ஓடுகளைப் பார்த்து அது சிப்பி என்று நம்பினார்கள். 1959இல் ஜப்பானின் உள்கடலில் கவாகுடியும் பாபாவும் பச்சைப் பாசியின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த உயிருள்ள ஒன்றை விவரித்தார்கள். இரண்டு ஓடுகளுக்கு நடுவிலிருந்து நத்தைத் தலை நீண்டு பார்த்தது. எண்பத்து நான்கு ஆண்டு சிப்பியாக இருந்தது நத்தையாகிவிட்டது.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி, நீங்கள் பெயர் வைக்கலாமா என்பது. வைக்கலாம். பட்டம் வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. ஆனால் பெயர் வைப்பது படத்தைப் போட்டு ‘இதற்கு இன்ன பெயர்’ என்று அறிவிப்பது அல்ல. ஒரு மாதிரி உயிரியை ‘இதுதான் இந்தப் பெயருக்கு உரியது’ என்று குறித்து, பொதுச் சேகரிப்பு ஒன்றில் எண்ணிட்டு வைக்க வேண்டும். அதை ஹோலோடைப் என்பார்கள். நாளை யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு குப்பியிடம்தான் போய்க் கேட்க வேண்டும். எந்த இடத்தில் பிடித்தது, மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதி, முறையாக வெளியிட வேண்டும். மின்னிதழில் மட்டும் வருவதானால் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும், 2012 முதல் விதி இது. இதற்கெல்லாம் முன்னால், 1758 தொடங்கி யாரும் இதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். உண்மையான உழைப்பு அங்கேதான். கெலார்ட் மாதிரி ஒருவர் 160 ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்தியில் விவரித்துவிட்டுப் போயிருப்பார். பத்தி போதாதென்றால் அவர் வரைந்த படத்தைத் தேட வேண்டும். கெலார்ட் 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே இறந்துபோனார். அவருடைய ஓவியங்கள் நியூகாஸிலில் ஹான்காக் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1906இல் சார்லஸ் எலியட் அவற்றை எடுத்து வைத்து, எந்தப் பெயர் எந்த நத்தைக்கு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பின்னாளில் ஜப்பானில் பிரிட்டிஷ் தூதராக இருந்த அதே எலியட்தான். அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் கெலார்ட் வைத்த பெயர்களில் பலவற்றுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

எலியட் அங்கே பார்த்த இன்னொரு கட்டு நம் பக்கத்துக் கரையிலிருந்து போனது. அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி எடுத்த, தென்னிந்திய நாணயங்களைப் பற்றி எழுதிய மதராஸ் அதிகாரி வால்டர் எலியட் (இவர் வேறு எலியட்) விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வால்டேரில் சேகரித்த கடல் நத்தைகளை ஆல்டரும் ஹான்காக்கும் 1864இல் விவரித்தார்கள். ஒன்றுக்குப் பிளாட்டிடோரிஸ் எலியோட்டி என்று இன்று பெயர், அவர் நினைவாக. இன்னொன்றுக்காகப் புதுப் பேரினமே வைத்தார்கள்: கலிங்கா ஓர்னாட்டா. கலிங்கக் கரையில் கிடைத்ததால் கலிங்கா. கிரேக்கமும் லத்தீனும்தான் பெயராகும் என்று இல்லை என்பதற்கு அப்போதே சான்று இருக்கிறது. 2024இல் மேற்கு வங்கத்தின் திகாவிலும் ஒடிசாக் கரையிலும் கிடைத்த ஏழு மில்லிமீட்டர் நத்தைக்கு இந்திய விலங்கியல் ஆய்வகத்தார் குடியரசுத் தலைவர் பெயரில் மெலனோக்ளாமிஸ் திரௌபதி என்று பெயர் வைத்தார்கள். ஆகவே உங்கள் மகள் பெயரை வைக்க விதியில் தடை இல்லை. எனக்குக் கேட்டால், இடத்தின் பெயரையோ கண்ணில் படும் அடையாளத்தையோ வைப்பதுதான் பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

வைத்த பெயரைத் திருத்த முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர்க் கரையில் ‘நீல டிராகன்’ ஒதுங்கிய செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்தக் கிளாக்கஸ் பேரினத்தில் 1777இல் ஃபார்ஸ்டர் பெயர் வைத்தது அட்லாண்டிகஸ். அது இந்தியப் பெருங்கடலிலும் வாழ்கிறது; இருந்தாலும் பெயர் அட்லாண்டிகஸ்தான். பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விதி அனுமதிக்காது.

அவசரமும் வேண்டாம். 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவுக்கு வெளியே 2,614 மீட்டர் ஆழத்தில் ஒரு விந்தையான உயிரியை நீர்மூழ்கிக் கருவி படம் பிடித்தது. கண்ணாடிபோல உடம்பு, முன்னால் பெரிய தொப்பி, பின்னால் விரல் விரலாக வால். நூற்றைம்பது தடவைக்கு மேல் பார்த்து, பிடித்து, மரபணு சோதித்து, 2024இல்தான் பெயர் வைத்தார்கள்: பாத்திடீவியஸ் காடாக்டைலஸ். பொருத்த ஏற்ற குடும்பம் எதுவும் இல்லாததால் புதுக் குடும்பமும் வைக்க வேண்டியிருந்தது.

உங்கள் இரண்டாவது படத்துக்கு இப்போதைக்கு ‘கோனியோபிராங்கஸ், இனம் தெரியவில்லை’ என்று மட்டும் எழுதி வையுங்கள். நாள், இடம், ஆழம், எந்தக் கடற்பஞ்சின் மேல் இருந்தது என்ற விவரங்களை மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். பிரெசியோசஸாக இருக்கலாம் என்று எனக்குச் சின்ன ஆசை இருக்கிறது, கெலார்ட் அலைந்த கரையாயிற்றே. ஆனால் ஓரத்தில் எந்த நிறம் வெளியே, எந்த நிறம் உள்ளே என்பது உங்கள் விளக்கின் வெளிச்சத்தில் வெளுத்துப் போயிருக்கிறது, செவுளும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை கண்டால் தொடாமல் ஒரு நிமிடம் பொறுத்திருங்கள், செவுள் தானாக விரியும். அப்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் பாதத்தின் ஓரம் தெரியும்படி ஒன்று, அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் அளவுகோலோடு ஒன்று எடுங்கள். பக்கத்தில் நாடாபோலச் சுருண்ட முட்டைக்கோவை இருந்தால் அதையும் எடுங்கள், படுத்திருக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா என்பது தெரியும்படி. முதல் படத்தின் கீழே ஜொருன்னா ஃபியூனெப்ரிஸ் (கெலார்ட், 1859) என்று தாராளமாக எழுதலாம், அடைப்புக்குறியோடு.